கெபிக்கு முன்னால் மண்டியிட்ட ஜெர்மன் வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்தேன். நான் பத்தாவது வரை போனவன், தேறாதவன். ஞானக் காரியங்களை எழுத சாமியார்களும் கன்னியாஸ்திரிகளும் இருக்கிறார்கள். நான் எழுதினால் விசுவாசத்தைக் கேலி செய்கிறேன் என்று ஊரில் சிலர் நினைப்பார்கள், வண்டியைக் கேலி செய்கிறேன் என்று என் மச்சான் நினைப்பான். இரண்டும் என் எண்ணம் இல்லை. பேனாவைத் திறக்கும்போதெல்லாம் யாராவது வந்து இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று கேட்பார்கள், நானும் மூடி வைத்துவிடுவேன். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலத்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில். தக்காளி வைக்கிறோம். எங்கள் மகள் பிரசவத்தில் கை நழுவிப் போகிற நிலைக்குப் போய்த் திரும்பினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி, வேளாங்கண்ணிக்கு வந்து உன் முகத்தைப் பார்க்கிறேன் தாயே என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்போது பிறந்த பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் நாங்கள் போன பாடில்லை. காரணம் என் மனைவியின் இடுப்பும் முழங்காலும். பஸ்ஸில் தர்மபுரி தாண்டுவதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். எங்களிடம் இருந்த ஒரே வண்டி தக்காளி ஏற்றும் குட்டியானை. ஒரு தடவை அதன் பின்னால் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்துப் பாலக்கோடு வரை ஓட்டிப் பார்த்தேன். இறங்கியதும் அவள் சொன்னது இதுதான்: "தக்காளி ஏன் நசுங்குதுன்னு இப்பதாங்க தெரியுது."

பிறகு ஒரு பருவம், கர்த்தர் கண் திறந்தார். தக்காளி விலை ஏறியது. விலை இல்லாத வருஷங்களில் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த அதே தக்காளியைப் பார்க்க ஆள் வந்து வயலில் நின்றது. அந்தப் பணத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வேளாங்கண்ணி வரை இடுப்பு வலிக்காமல் போக ஒரு வண்டி. தப்பான வண்டியில் பணத்தைப் போட்டுவிட்டால், எங்களுக்காகத் தக்காளி இன்னொரு தடவை ஏறப்போவதில்லை, வாக்கும் வாக்காகவே நின்றுவிடும். இது இருவருக்கும் தெரியும்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறான். பழைய வண்டி விற்கிற ஒருவர் அவனுக்குப் பழக்கம். அவன் போனில் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு நிறம், ஜெர்மன் வண்டி, ஜீப்பைவிட உயரம், சின்ன வீட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. புதுசாக ஒரு சின்னக் கார் என்ன விலையோ, அதே விலைக்கு இந்த ராஜ வண்டி. ஓடியது மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். நான் தயங்கினேன்.

"மாமா, அது நம்மூரு வண்டிக்குத்தான் வயசு. ஜெர்மன் வண்டிக்கு இப்பதான் பால் பல்லு விழுது" என்றான்.

வண்டியை வைத்திருந்தவர் ஒரு டாக்டர், அவர் ஒருத்தர் கைதான் பட்டது என்றும் சொன்னான். போனைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அவ்ளோ தூரம் ஓட்டினாருன்னா அந்த டாக்டரு ஊசி எப்படா போட்டாரு?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தவன் புத்தியை நம்பக்கூடாது என்று எனக்கே தெரிந்ததால் மாதாவிடம் போனேன். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தேன். தாயே, என் மனசுக்குள் எதையும் சொல்லாதே, என் மனசு ஏற்கெனவே அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு அடையாளம் கொடு என்று கேட்டேன். அதில் ஒரு பிசகு செய்தேன். அது பின்னால் வருகிறது.

நவநாள் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வண்டியோடு வந்து சேர்ந்தான். ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வண்டி திரும்பிப் போய்விடும் என்பது விற்கிறவரின் நிபந்தனை. நான் என் மனைவியைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பாலக்கோடு மார்க்கெட் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். வேகமாகப் போகவில்லை. தெரிந்தவர்கள் பார்க்கவேண்டும் அல்லவா. கமிஷன் கடைக்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, பின்னால் எத்தனை கிரேட் தக்காளி ஏறும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. நான் இறங்கிப் போய் இரண்டு காலி கிரேட்டை வைத்துப் பார்த்தேன். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று கேட்டேன். பெல்ட் போட்டாச்சா என்று ஜெர்மன் பாஷையில் விசாரிக்கிறது என்றான். எவ்வளவு மரியாதையான வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

பின் சீட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்மானம் பின்னால் போகிறது, இன்னொன்றை அழுத்தினால் முதுகைப் பிடித்துவிடுகிறது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்தபடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இதுல போனா வேளாங்கண்ணி தாண்டியும் போலாங்க" என்றாள். அதைத் தாண்டினால் கடல்தான். ஆனால் இடுப்பு வலிக்கவில்லை என்று அவள் வாயால் கேட்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

எங்கள் தெருவுக்குள் அந்த வண்டி நுழையவில்லை. பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிப் பார்த்தும் முடியவில்லை. அதனால் கோயிலுக்கு முன்னால், மாதா கெபியைப் பார்த்தபடி நிறுத்தினோம். பாறைக் குகை மாதிரி சிமெண்டில் கட்டி உள்ளே மாதா நிற்கும் இடத்தை நாங்கள் கெபி என்போம். வண்டி அங்கே நின்றதில் எனக்கு மன நிம்மதி. காவலுக்கு அவளைவிட யார் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி அடிக்கவில்லை. மணி அடிக்கிற உபதேசியார் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"வூட்டுல யாருங்க? சீக்கிரம் வாங்க. உங்க வண்டி மண்டி போட்டிருக்குது."

இன்னும் எங்கள் வண்டி ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினேன்.

போய்ப் பார்த்தால், சத்தியமாக, அது மண்டியிட்டுத்தான் இருந்தது. முன் பக்கம் முழுக்கத் தாழ்ந்து மூக்கு தரையைத் தொடுகிற மாதிரி, பின் பக்கம் உயர்ந்து, மாதாவின் பாதத்தைப் பார்த்தபடி. பூசைக்கு வந்த சனம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றது. ஒரு அம்மா கனகாம்பரச் சரத்தை வண்டியின் முன்னால் போட்டார். இன்னொருவர் பக்கக் கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டார். யாரோ பம்பருக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றிவிட, மச்சான் பதறிப் போய் ஊதி அணைத்தான். அதற்கு அவனைத் திட்டினார்கள்.

நான் அந்த மண்ணிலேயே வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தேன். அழுதேன். கேட்டபடியே கண்ணால் பார்க்க அடையாளம் கிடைத்துவிட்டது. வண்டி கத்தோலிக்க வண்டி. ஜெர்மனியில் நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு என்று உபதேசியாரும் உறுதி சொன்னார்.

இந்த இடத்தில் எங்கள் பங்குச்சாமியார் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். காற்று இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன் என்றார். டயரில் காற்று இருக்கிறதே சாமி என்றேன். நவநாள் செய்தது, அடையாளம் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அடையாளம் கேட்டீங்க, சரி. எது நடந்தா வாங்கணும், எது நடந்தா வேணாம்னு பேசி வெச்சீங்களா?"

"இல்லைங்க சாமி."

"அப்ப மாதா என்னங்க பண்ணுவாங்க?"

இதுதான் நான் செய்த பிசகு. மண்டியிட்டால் வாங்கு என்று அர்த்தமா, மண்டியிடுகிற நிலைமையில் இருக்கிறது வாங்காதே என்று அர்த்தமா? நான் அவளிடம் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

பூசை நடந்தது. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

பூசை முடிந்ததும் மச்சான் வண்டியைக் கிளப்பினான். உள்ளே எங்கோ ஒரு மோட்டார் முனகியது. முன் பக்கம் மெல்ல மெல்ல எழும்பியது. சனம் மரியே வாழ்க என்றது. பாதி எழும்பியதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு வண்டி மறுபடியும் மண்டியிட்டது. அவன் திரும்பவும் கிளப்பினான். திரும்பவும் எழும்பி, பெருமூச்சு விட்டு, கீழே. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "வுட்டுருப்பா, இன்னும் பாவசங்கீர்த்தனம் முடியல போலிருக்குது. ரெண்டு லட்சம் கிலோமீட்டர் பாவம் இருக்கும்ல" என்றார். சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. வாங்கிவிடலாம் என்றுதான் அப்போதும் நின்றேன். மாதாவுக்கு முன் மண்டியிட்ட ஒன்றைத் திருப்பி அனுப்பலாமா? என் மனைவி தம்பியைக் கையைப் பிடித்துக் கெபிக்கு நேராக நிறுத்தினாள்.

"மாதா மொகத்தப் பாத்துச் சொல்றா. இது தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?"

அவன் மாதாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "ராத்திரி நிறுத்துனா கொஞ்சம் குனியும், ஓட்டுனா சரியாயிரும்னாங்கக்கா."

இந்த வண்டிக்குக் கம்பிச் சுருள் ஸ்பிரிங் கிடையாதாம். நாலு சக்கரத்துக்கு மேலும் காற்றுப் பைதானாம். பை பழசானால் ராத்திரியில் காற்று கசியும். ஒரு பையை மாற்றவே எங்கள் குட்டியானையை விற்க வேண்டியிருக்கும். அந்த மஞ்சள் விளக்கும் பெல்ட்டைப் பற்றி விசாரிக்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

அவள் தம்பியைத் திட்டவில்லை. வண்டிக்குள் உட்கார வேண்டும் என்றாள். கதவைத் திறந்துவிட்டேன். வண்டி முன்னால் சரிந்திருந்ததால் அவளும் சீட்டில் வழுக்கிக்கொண்டு முன் சீட்டின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். உள்ளே கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் செய்கிறாள் என்று வெளியே எல்லாரும் கிசுகிசுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி தானாக இறங்கியது.

"ஏங்க, மண்டி போடறது யாருக்கும் சுலபந்தாங்க. நானும்தான் போடறேன். எந்திரிக்கத்தான் முடியல, ரெண்டு பேரு தூக்கி வுடறீங்க. வூட்டுல ஏற்கெனவே ஒருத்தி அப்படி இருக்கேன். இதையும் எதுக்கு வாங்கிக் கட்டிக்கணும்?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இறங்கி அமைதியானது. கை கொடுத்து அவளை வெளியே எடுத்தேன். கூட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் இழுவை வண்டி ஒன்று தர்மபுரியிலிருந்து வந்தது. மச்சான்தான் செலவு செய்தான். பூவையும் ஜெபமாலையையும் யாரும் கழற்றவில்லை, கழற்ற மனசு வரவில்லை. பெண்கள் மாதா பாட்டுப் பாட, கறுப்பு வண்டி அதில் பின்பக்கமாக ஏறிப் பெங்களூர் போனது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவள் ஒன்று சொன்னாள். முந்தின நாள் வண்டியில் இடுப்பு வலிக்காமல் இருந்தது முதுகைப் பிடித்துவிட்டதால் அல்லவாம், சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்ததால்தானாம். படுத்துக்கொண்டு போக ரயில் இருக்கிறதே என்றாள். எங்கள் தலைக்குள் அத்தனை வருஷமும் ரோடு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. பாலக்கோட்டில் ஏறினோம், சேலத்தில் மாறினோம். கீழ் பெர்த்தில் அவள் படுத்துக்கொண்டாள், எதிரில் நான் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். வேளாங்கண்ணியில் மாதாவின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த வண்டி விஷயம் அடையாளம்தானா என்று மாதாவிடம் கேட்டாயா என்றேன். நன்றி சொல்லவே நேரம் பத்தவில்லை என்றாள்.

மீதிப் பணம் அடுத்த தக்காளிக்குப் போனது. அந்த விலை திரும்ப வரவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். அதில் வண்டி கண்ணீர் விட்டது. அவருக்குத் தெரிந்த இன்னொருவர் சொல்கிற கதையில், வண்டி டிரைவர் இல்லாமல் தானாகவே வந்து நின்றது. இப்படியே போனால் அதற்கும் அற்புதம் செய்கிற கெபி ஒன்று கட்டிவிடுவார்கள். ஆகையால் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள், பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கண்ணீரைச் சேர்க்காதீர்கள், என் மனைவியின் வார்த்தையை விட்டுவிடாதீர்கள். என் மச்சானைத் திட்டவும் வேண்டாம், எங்கள் பேத்தியின் முதல் நற்கருணைக்கு அவன் வரப்போகிறான்.