பிழை மட்டும் பாக்கச் சொன்னா

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, என் நாப்பத்தாறாவது வயசுல, பேக்கேஜிங் படிக்கப்போறேன்னு இங்கிலாந்துக்கு பிளேன் ஏறுனேன். சிவகாசில எனக்குச் சின்னதா ஒரு பிரஸ். பட்டாசுப் பெட்டி, லேபிள், கல்யாணப் பத்திரிகைன்னு ஓடும். அதத் தம்பிகிட்ட விட்டுட்டுக் கெளம்பயில வீட்டுக்காரி சொன்னா, "பிள்ளைய அனுப்புற வயசுல நீங்க போறீகளாக்கும். அங்கன போயி டிபன் பாக்ஸத் தொலைச்சுட்டு வராதீக."

மொத நாள் கிளாஸ்ல ஒரு பய என்கிட்ட வந்து, லேட்டானதுக்குக் காரணம் சொன்னான். நானும் பரவால்லன்னு சொல்லி உக்கார வச்சேன். நெசமான வாத்தியார் அதுக்கப்புறந்தான் உள்ள வந்தாரு.

எனக்கு அங்க ஒண்ணுமே பிடிபடல. லைப்ரரிக் கதவு கார்டத் தேய்ச்சாத்தான் தெறக்கும்னு தெரியாம, கல்யாண மண்டபத்துல வரவேற்க நிக்கிற ஆளு மாதிரி வாசல்லயே நின்னேன். உள்ள கூட்டிட்டுப் போனது எங்க கிளாஸ்ல படிச்ச ஒரு நேபாளத்துப் பொண்ணு. என் மக வயசு. நாங்க நாலஞ்சு பேரு வாடகைக்கு இருந்த வீட்டுலதான் அவளும் இருந்தா. பஸ் ஏறுறது, வாஷிங் மெஷின் போடுறது எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததுதான். குளிர் தாங்காம நான் படுத்துக் கெடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்ததும் அவதான்.

மொத செமஸ்டர் முடிவுல எல்லாரும் கட்டுரை எழுதிக் குடுக்கணும். அதுல பாஸானாத்தான் கம்பெனில ஆறு மாசப் பயிற்சி. அவளுக்கு ஒரு நல்ல கம்பெனில எடம் சொல்லி வச்சிருந்தாக. அவ இங்கிலீசு கொஞ்சம் தடுமாறும். "அங்கிள், பிழை இருந்தா மட்டும் பாத்துக் குடுங்க"ன்னு கட்டுரைய எனக்கு அனுப்புனா.

இங்கனதான் என் பிரஸ் புத்தி வேலை செஞ்சது. மல்லாங்கிணறுலருந்து வாடிக்கைப் பார்ட்டி ஒருத்தர் வருவாரு. காதுகுத்துப் பத்திரிகைக்கு ஒரு துண்டுத் தாள்ல நாலு வரி கிறுக்கிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருவாரு. சாமி படத்துலருந்து தாய்மாமன் அழைப்பு வரைக்கும் நாங்களே சேத்து, ஜம்முன்னு அடிச்சுக் குடுப்போம். ஏன் மாத்துனேன்னு இதுவரைக்கும் ஒரு பார்ட்டியும் கேட்டதில்ல.

அவ எழுதியிருந்தது, மலை ஊர்ல அவ அம்மா காஞ்ச கீரைய ஈரம் படாம எலைல மடிச்சு விக்கிறதப் பத்தி. எலையப் பத்தி என்னத்த எழுதுறதுன்னு எனக்குத் தோணிச்சு. பட்டாசுப் பெட்டில ஈரம் ஏறாம காக்குறதப் பத்தி நான் எழுதுன கட்டுரைலருந்து நாலு பாராவத் தூக்கி அதுல சொருகுனேன். "ஃபினிஷிங் பண்ணிட்டேன்மா, அப்படியே குடுத்துரு"ன்னு பெருமையா அனுப்பி வச்சேன். பார்ட் டைம் வேலைக்குப் போற அவசரம் அவளுக்கு. நம்பிக் குடுத்துட்டா.

காப்பி அடிச்சதக் கண்டுபிடிக்க அங்க கம்ப்யூட்டர்லயே வழி இருக்கு. ரெண்டு பேரையும் கூப்பிட்டாக. நாந்தான் பண்ணேன்னு எல்லாத்தையும் சொன்னேன். அந்த நாலு பாராவும் என்னுதுங்கிறதால எனக்கு எச்சரிக்கையோட போச்சு. அவ அடுத்தவுக எழுத்தத் தன்னுதுன்னு குடுத்ததா ஆகி, சைபர் போட்டாக. அடுத்த வருசந்தான் திரும்ப எழுதணும். கம்பெனி எடமும் போச்சு.

அவ மொதல்ல எழுதுனத, எங்கள விசாரிச்ச டீச்சரம்மா கேட்டு வாங்கி, அங்கனயே உக்காந்து முழுசா வாசிச்சாக. வாசிச்சுட்டு, "இதையே குடுத்திருந்தா நீ பாஸும்மா"ன்னாக.

வெளிய வந்ததும் அவ திட்டுவான்னு நின்னேன். "பிழை மட்டும்தான அங்கிள் பாக்கச் சொன்னேன்"னா. அம்புட்டுத்தான். மன்னிப்பு கேட்டேன். சரின்னா. ஆனா அதுக்கப்புறம் நான் அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடியே அவ சமைச்சு எடுத்துக்கிட்டுத் தன் ரூமுக்குப் போயிருவா.

பட்டம் வாங்குன அன்னைக்குக் கருப்பு அங்கியோட, போட்டோ எடுக்க ஆளில்லாம நின்னேன். அவளே வந்து செல்லை வாங்கி எடுத்துக் குடுத்தா. இப்ப பிரஸ்ல அந்தப் படத்த மாட்டி வச்சிருக்காக. வர்ற பார்ட்டியெல்லாம் என்னையப் பாராட்டுறாக. அதுல அங்கி போட்டு எனக்குப் பக்கத்துல நிக்க வேண்டியவள, செல்லைப் பிடிச்சுக்கிட்டு எதுக்க நிக்க வச்சது என் ஒத்தாசைதான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.