கல்யாண மண்டபத்தில் சார்ஜ் ஏறிய ஆட்டோ

அஃப்சருன்னிசாவுக்கு வெகுநாளாக ஒரே ஒரு ஆசைதான் இருந்தது: உட்கார்ந்து பார்க்கிற வேலை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், பட்டுப் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் நின்றுகொண்டிருந்தாள். உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் உட்கார நேரம்தான் கிடைக்கவில்லை. ஓர் ஆடித் தள்ளுபடி முடிந்த சாயங்காலம், முட்டி வீங்கி, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனது. அங்கிருந்து கீழே பார்த்தபோது சத்தமே இல்லாமல் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பச்சை நம்பர் பிளேட், மின்சார வண்டி. ஓட்டி வந்தவள் ஒரு பெண். சீட்டில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு டீ குடித்தாள்.

அடுத்த ஆடி வருவதற்குள் அஃப்சருன்னிசா லைசன்ஸ் எடுத்து, கடன் போட்டு, மின்சார ஆட்டோ ஒன்றை வாங்கிவிட்டாள்.

வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. அவள் கணவர் அப்துல் சமத் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறவர்.

"நான் பெட்ரோல் ஊத்தி சம்பாதிக்கிறேன். நீ பெட்ரோலே வாணான்ற வண்டிய வாங்கினு வந்து நிக்கிற. பங்குல மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

"மூஞ்சியோட பின்னாடி ஏறி குந்துங்க. டூட்டிக்கு லேட்டாயிடுச்சு."

அவர் ஏறிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். பங்குக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வார்.

வீட்டுக்கார அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வீடு. மாடியில் ஜைதூன் பீ, கீழே இவர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளக் பாயிண்ட் போட்டு இரவெல்லாம் ஆட்டோவுக்குச் சார்ஜ் போடுவது ஏற்பாடு. கரண்ட் பில் பற்றிய சந்தேகம், தனி மீட்டர் வைத்ததும் தீர்ந்தது. ஆனால் வண்டி வெடித்துவிடும் என்ற பயம் தீரவில்லை. செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, ஜைதூன் பீ படியில் இறங்கும்போதெல்லாம் ஆட்டோவை உள்ளங்கையால் தொட்டு, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

எல்லாம் ஆரம்பித்தது இந்தப் பயத்தால்தான். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி. காலையில் அஃப்சருன்னிசா வண்டியை ஆன் செய்தால் பாதி சார்ஜ்கூட ஏறவில்லை. பிளக் தரையில் கிடந்தது.

"இன்னா ஆபா, ப்ளக்க புடுங்கிட்டீங்களா?"

"இடி இடிச்சா நான் டிவியவே புடுங்கிடுவேன். இது அத்தவிட பெருசாச்சே" என்றார் ஜைதூன் பீ.

சண்டை போட நேரமில்லை. இருக்கிற சார்ஜில் மழைச் சவாரிகளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பாண்டி பஜார் வழியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மீட்டரில் பதினாலு சதவீதம் காட்டியது. அப்போது ஒரு பியூட்டி பார்லர் வாசலில் ஒரு கல்யாணப் பெண் புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கையைக் காட்டினாள்.

பெண்ணின் பெயர் தாரணி. நங்கநல்லூரில் ஒரு மண்டபத்தில் அன்று சாயங்காலம் ரிசப்ஷன். அழைத்துப்போக வந்த அலங்காரக் கார், பக்கத்துத் தெருவில் தேங்கிய தண்ணீரில் நின்றுபோய், ரோஜாப்பூவோடு அப்படியே நிற்கிறதாம்.

அஃப்சருன்னிசா மனசுக்குள் கணக்குப் போட்டாள். போய்ச் சேரலாம். திரும்பி வர முடியாது. பட்டுப் புடவையின் கரை நனைவதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த கடைக்காரி பதறிப்போனாள்.

"கரைய புழியாத கண்ணு, ஜரி போயிடும். ஏறு மொதல்ல."

சி.ஐ.டி. நகர் வரை ஒழுங்காகப் போனார்கள். சைதாப்பேட்டை பாலத்தில் நெரிசல். இரண்டு பக்கமும் பெட்ரோல் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்க, இவர்கள் ஆட்டோ மட்டும் மூச்சு விடாத மாதிரி நின்றது. தாரணி முன்னால் குனிந்து மீட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, ஃபுல் சார்ஜ்ல நிஜமா எவ்ளோ ஓடுது? கம்பெனிக்காரன் சொல்றத விடுங்க."

"நூத்திப் பத்து ஓடும். மூணு பேர் வெயிட்டா ஏறினா நூறு."

"வாங்கினப்போ?"

"அப்பவும் கிட்டத்தட்ட அதேதான். இன்னா கண்ணு, கல்யாணப் பொண்ணு வண்டியப் பத்தி இவ்ளோ கேக்கற?"

தாரணிக்குக் கிண்டியில், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் விலை போடுகிற வேலை. "எலெக்ட்ரிக் வண்டி வந்தா எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் விலை போடத் தெரியாது. பேட்டரி எந்த நிலைமைல இருக்குன்னே தெரியாம, பயந்துபோய் பாதி விலைக்குக் கேப்போம். ஓனர் திட்டிட்டுப் போவாரு. ஆனா தினம் ரெண்டு மூணு வந்துட்டுதான் இருக்கு" என்றாள். பிறகு மருதாணிக் கையால் பின்சீட்டின் தையலைத் தடவி, கூரையைத் தட்டி, கம்பியில் துரு இருக்கிறதா என்றும் பார்த்தாள். மேக்கப் கலையாமல் இருக்க முகத்தை மட்டும் அசைக்கவில்லை.

கத்திப்பாராவில் ஏறும்போது ஒன்பது சதவீதம். மேம்பால இறக்கத்தில் அஃப்சருன்னிசா ஆக்ஸிலேட்டரை விட்டாள். அப்படி விட்டால் மோட்டாரே வேகத்தை அடக்கி, கொஞ்சம் கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஒன்பது பத்தாயிற்று. தாரணி கைதட்டினாள். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தது அவர்களுக்குப் பாராட்டு மாதிரி கேட்டது.

அந்தச் சந்தோஷம் ஆலந்தூர் வரைக்கும்தான். சார்ஜ் ரொம்பக் குறைந்ததும் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. நங்கநல்லூருக்குள் நுழையும்போது ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, கல்யாணப் பெண்ணைக் கண்டு மரியாதையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சாய்நாத் கோட் சூட்டோடு குடை பிடித்துக்கொண்டு எதிரே நடந்தே வந்துவிட்டான்.

"ஏன் இவ்ளோ ஸ்லோவா வரீங்க?"

"ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு, பேசாம கூட நட" என்றாள் தாரணி.

அவன் குடையோடு ஆட்டோவின் பக்கத்திலேயே நடந்தான். மண்டப வாசலில் இருந்த நாதஸ்வரக்காரர்கள், இதுதான் ஊர்வலம் போலிருக்கிறது என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தார்கள். நல்ல வாசிப்பு. அஃப்சருன்னிசாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இனி அவள் வீட்டுக்குப் போகவேண்டுமே. போனில் தேடினால் பக்கத்தில் ஒரு சார்ஜிங் ஸ்டேஷன் இருந்தது. கார்களுக்கு மட்டும், பிளக்கே வேறு. மண்டபத்தில் விசாரித்தார்கள். பெரிய பிளக் பாயிண்ட் போர்டிகோ பக்கம் ஒன்றே ஒன்றுதான், அதில் ஐஸ்கிரீம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினால் ஐந்நூறு பேருடைய ஐஸ்கிரீம் கரைந்துவிடும் என்று சமையல் மாஸ்டர் கையை விரித்தார்.

சாய்நாத் கொஞ்சம் யோசித்தான். மேடைக்குப் போய் மைக்கை வாங்கினான். "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஐஸ்கிரீம். சீக்கிரம் வாங்க."

அதன் பிறகு நடந்ததை நங்கநல்லூரில் இன்னும் பேசுகிறார்கள். குழந்தைகள் ஓடிய ஓட்டத்தில் வரவேற்பு மேஜையின் சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள், பெட்டியைக் காலி செய்து உதவுவதாகச் சொல்லி இரண்டு இரண்டு கப் எடுத்துக்கொண்டார்கள். தாரணியின் பெரியப்பா மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியோடு சீர் விஷயத்தில் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. வரிசையில் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு வெனிலா மிஞ்ச, ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள். பெட்டி காலியானது. ஆட்டோவுக்குச் சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

சார்ஜ் ஏறும் வரை அஃப்சருன்னிசாவைச் சுற்றி ஒரு கூட்டம். பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"மழையில ஷாக் அடிக்காதாம்மா?"

"நனஞ்சிக்கினுதானே சார் வந்தோம். உங்க பொண்ணையே கேளுங்க."

"பேட்டரி போயிட்டா?"

குறையை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது பட்டுப் பிரிவில் அவள் கற்றது. "வாரண்டி முடிஞ்சப்பறம் போச்சுன்னா பெரிய செலவு சார், மறைக்கமாட்டேன். அவசரத்துக்கு ரோட்ல சார்ஜ் போடவும் எல்லா எடத்திலும் வசதி கெடையாது, அதான் இங்க நிக்கிறேன். ஆனா கிளட்ச் இல்ல, ஆயில் இல்ல, கார்பரேட்டர் இல்ல. வூட்ல ப்ளக் பாயிண்ட் இருந்தா வாங்குங்க. இல்லன்னா வாணாம்."

அந்த 'வாணாம்' கேட்டதும் நாலு பேர் அவள் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அவளைப் பந்தியில் உட்காரவைத்து, சாய்நாத்தின் அம்மாவே அருகில் நின்று பரிமாறினார். போட்டோக்காரர் மணமக்களை ஆட்டோவில் உட்காரவைத்து எடுத்த படம்தான் பிறகு அந்த ஆல்பத்தின் அட்டையில் வந்தது.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னபோது ஜைதூன் பீ சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் ப்ளக்க புடுங்கினதாலதான் அந்தச் சம்பந்திங்க ராசியானாங்க" என்று மறுநாள் சந்து முழுக்கச் சொன்னார். இருந்தாலும் அந்த வாரமே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒழுங்காக எர்த் எடுத்து, தானாகவே துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் போடவைத்தார். அப்துல் சமத்துக்கு அந்த 'எர்த்' என்ற சொல் பிடித்துப்போய், பங்கில் எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்தார்.

மாசி மாதத்தில் தாரணி போன் செய்தாள். ஆபீசுக்குப் பேட்டரியைச் சோதிக்கிற மிஷின் வந்திருக்கிறது, முதல் வண்டியாக உங்கள் வண்டியைப் பார்க்கவேண்டும் என்றாள். கிண்டியில் அந்த யார்டில், வரிசையாகப் பழைய கார்கள் நடுவே, ஆட்டோவுக்கு வயர் மாட்டினார்கள். அஃப்சருன்னிசா துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையைப் பார்த்த தாரணி, பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ரெண்டு வருஷம் ஓடின வண்டியாக்கா இது? வீட்டு ப்ளக்ல மெதுவா சார்ஜ் போட்டிருக்கீங்க, காலியாக விடவே இல்ல. எங்க கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை தவிர." அவள் சொன்ன விலை, அஃப்சருன்னிசா பயத்தில் நினைத்துவைத்திருந்ததைவிட எவ்வளவோ அதிகம். "நெஜமாவே இந்த விலைக்கு எடுத்துக்கறோம். குடுக்கறீங்களா?"

"கேட்டியே, அது போதும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ராயப்பேட்டைக்குப் போயிருக்கவேண்டும். வண்டி அடையாறு பக்கம் திரும்பிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை. பெசன்ட் நகரில் மரநிழல் வழியாகப் போய், வேளாங்கண்ணி கோவிலைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று சுற்றினாள். காற்று முகத்தில் அடித்தது. மெதுவாகத் தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு சத்தமாகவே சிரித்தாள். இரண்டாவது சுற்றில், சுண்டல் பொட்டலத்தோடு நின்ற இரண்டு பெண்கள் கையைக் காட்டினார்கள்.

"மயிலாப்பூர் வரீங்களா?"

"இல்லம்மா, இப்போ நானே சவாரி போய்க்கினு கீறேன்."

அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாங்களும் ஒரு ரவுண்டு வரோம்" என்று ஏறிக்கொண்டார்கள். மூன்று பேருமாகச் சுண்டல் சாப்பிட்டபடி மூன்றாவது சுற்றுப் போனார்கள். மீட்டரில் எண்பத்து மூன்று சதவீதம் இருந்தது.