வீரமுத்து அண்ணனின் அழுத முகம்

திரையில் கதாநாயகன் செத்தால் வீரமுத்து அண்ணனுக்குத் தாங்காது. எங்கள் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவர். ஆள் பார்க்க முரடு, உள்ளுக்குள் பச்சைக் குழந்தை.

இரண்டு வருடத்துக்கு முன் சிரம்பான் தியேட்டரில் ஒரு படம். கடைசிக் காட்சியில் அவர் வாய் கோணி, கண்ணை மூடி, கையில் பாப்கார்னோடு தேம்பினார். பக்கத்தில் இருந்த நான் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கினேன். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சினிமா தவிர வேறு பேச்சு கிடையாது. "உங்க ஹீரோ ஆடுனது டான்ஸா, எறும்பு கடிச்சிருச்சா?" என்று ஒருவன் கேட்பான். பதிலுக்கு அண்ணனின் முகம் வரும். படம் ஊத்திக்கொண்டாலும் அதே முகம், நடிகைக்குக் கல்யாணம் என்றாலும் அதே முகம்.

முதலில் அவரும் சிரித்தார். "என் மூஞ்சிக்கு வந்த வாழ்வப் பாருலா, தர்மா!"

பிறகு அம்பாங்கானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைப் பார்த்து வாயைக் கோணிக் காட்டினார்களாம். அன்றே என் வீட்டுக்கு வந்தார். "அத எடுத்துருலா தர்மா. போதும்."

என் போனில் அழித்தேன். அதனால் என்ன பயன்? அதற்குள் தூரத்துச் சி ரூசா ஊர் ஆட்களெல்லாம் குழுவில் சேர்ந்து, முன்னூறு பேர் கையில் அது இருந்தது. அண்ணன் தியேட்டருக்குப் போவதையே விட்டுவிட்டார். வீட்டில் ரதி அண்ணியோடு மட்டும் படம் பார்ப்பார். அண்ணி முன்னால் மட்டும் அழுவார். அண்ணி துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் படத்தைப் பார்ப்பாராம்.

போன மாதம் அந்த அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றே நாள் காய்ச்சல்.

தலைமாட்டில் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணியின் அக்கா மாரில் அடித்துக்கொண்டு கத்தினார்: "சினிமாக்காரன் செத்ததுக்கு ஊரே பாக்க அழுதீங்களே! என் தங்கச்சிக்கு ஒரு சொட்டு வரலையா?"

அண்ணன் வாசலில் போனும் கையுமாக நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து தோளைத் தொட்டேன்.

"வாயத் தொறந்தா அந்த மூஞ்சி வந்துரும்லா, தர்மா," என்றார் மெதுவாக.

அழுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எதைப் பார்த்துக்கொள்வேன்? அத்தனை பேர் போனையும் பிடுங்க முடியுமா? எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எரித்துவிட்டு வந்து குளித்து உட்கார்ந்தோம். யாரோ அண்ணியின் படத்தைப் போட்டுக் குழுவில் மரணச் செய்தி வைத்திருந்தார்கள். கீழே வரிசையாக அனுதாபம். நடுநடுவே அந்த ஸ்டிக்கர். அனுப்பியவர்களுக்கு அண்ணனைத் தெரியாது, கேலியும் இல்லை. சோகம் என்றால் அதைப் போட்டே பழகியவர்கள். குழுவை நடத்துபவன் என்ற முறையில் ஒன்றை அழித்தேன். இன்னொன்று வந்தது. அதையும் அழிப்பதற்குள் இரண்டு வந்தன.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். அண்ணியின் படத்துக்குக் கீழே வாய் கோணி அழும் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இவனாச்சும் அழுவுறானே," என்றார்.