பெண் பார்க்க வந்த இடத்து மண்மேடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார்கள். நான் விருதுநகரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் என்ஜினியர். மாப்பிள்ளையின் அப்பா கேசரித் தட்டைக் கையில் வாங்கியதும், "மண்ணு சரியுமா சரியாதான்னு பாத்துச் சொல்லுவியாமேம்மா?" என்றார். வந்த வரன்களிலேயே என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. மருந்து வைக்கும் கிட்டங்கி வெடித்தால் பக்கத்து ஷெட்டைத் தாக்காமலிருக்க, அதைச் சுற்றி அவர் புதுசாக மண்மேடு போட்டிருந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைதான, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றார்.

கிளம்பும்போது அம்மா பட்டுச்சேலையை நீட்டினாள்.

"மேட்டுல ஏறணும்மா."

"சேலையோட ஏறு. மாப்பிள்ளை அங்கனதான இருப்பாரு!"

ஏறினேன். மேடு சுவர் மாதிரி நட்டமாக நின்றது. அடியை அகலமாகப் போட்டால் இன்னொரு ஷெட்டுக்கு இடம் போய்விடுமாம். மண்ணோ முழுக்கக் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் குழையும். உச்சியில் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. மண்ணை எடுத்துப்போய் நனைத்து அழுத்திச் சோதித்தேன். கீழே இழுக்கும் பாரத்தையும் பிடித்து நிறுத்தும் பலத்தையும் கணக்குப் போட்டேன். காய்ந்திருக்கும்வரை நிற்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் உட்கார்ந்துவிடும்.

"இது ஐப்பசி மழைக்குத் தாங்காது மாமா. ஒரு அடி உசரத்துக்கு ரெண்டு அடி சாய்வு விடுங்க" என்று திரும்பப் போய்ச் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "நல்ல காரியம் பேசுற நேரத்துல சரியும்ங்கிற. வாஸ்துக்காரர் பாத்து, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்ட மேடும்மா."

மாப்பிள்ளை எம்.பி.ஏ. படித்தவர். "பிளாஸ்டிக் புல்லு விரிச்சிரலாமாப்பா?" என்றார்.

இரண்டொரு நாளில் தரகர் போன் செய்தார். பெண்ணுக்கு வாய் சரியில்லையாம். அம்மா கொதித்துப் போனாள். "சரியாதுன்னு சொன்னா என்னட்டி? கல்யாணத்துக்குப் பெறகு சரிஞ்சா அது அவுக பாடு!"

"அப்ப நானும் அங்கனதானம்மா இருப்பேன்" என்றேன். அம்மா பட்டுச்சேலையை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்தபோது அடைமழை பிடித்தது. மேடு பிளாஸ்டிக் புல்லோடு சரிந்து, காலியாக இருந்த கிட்டங்கியின் வாசலை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, ஆட்கள் யாரும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவே போன் செய்தார்.

"நீ சொன்னபடியே ஆயிப்போச்சும்மா. உனக்குக் கருநாக்கு. திரும்ப மேடு கட்டப் போறோம். வெள்ளிக்கிழமை வந்து, உன் வாயால 'சரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறியா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மேட்டடியில்தான் தினமும் ஆட்கள் நடக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. "சாய்வா கட்டுங்க. வந்து சொல்லுதேன்" என்றேன்.

மூன்று பக்கம் சாய்த்தே கட்டினார். நாலாவது பக்கம் வாஸ்துப்படி நிமிர்ந்துதான் நிற்க வேண்டுமாம். மூன்று பக்கத்துக்கு மட்டும் வார்த்தை சொன்னேன். நாலாவது பக்கத்துப் பாதையை முள்வேலி போட்டு அடைக்கும்வரை வெயிலில் நின்று சண்டை போட்டுவிட்டு, பஸ் ஏறினேன்.