குண்டு இறக்கின ஆழம்

எனக்கு வடிவாக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கோ. பாரிஸ் லா சப்பலில் எங்கடை வீடு சின்னன். மேசையை மடித்தால்தான் நான் படுக்கை விரிக்கலாம். அந்த மேசையில்தான் மருமகன் குறிபார்த்துச் சுடுகிற போட்டித் துவக்குக்குத் தோட்டா செய்வார். வெடிமருந்து ஒரே அளவு. தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் குண்டை இறக்குகிற ஆழத்தை மட்டும் மயிரளவு மாற்றிச் சுட்டுப் பார்ப்பார்.

அன்று கடை வேலை முடிந்து கால் உளைவோடு வந்தேன். மருமகன் ஆழத்தை எழுதி வைத்துச் சுட்ட குறித்தாள்களை நீட்டினார்.

"எதிலை துளையள் நெருக்கம், மாமி?"

ஆழமாக இறக்கினதில் ஒட்டிக்கொண்டிருந்தன, மற்றதில் சிதறல்.

"இதிலை, தம்பி."

"ஐயோ, போட்டிக்கு எல்லாம் மற்ற அளவிலை செய்துபோட்டன். திரும்ப இறக்கோணும்."

"செய்யுங்கோ. நான் கதிரையிலை சரியிறன்."

வேறு துவக்கென்றால் வேறு ஆழம் பொருந்துமாம். இது சரியோ, தெரிந்தவர்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.