பெரியப்பா மாட்டின் நீலக் கொம்பு

எங்கள் மலையூரில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசுவது லேசான காரியமில்லை. எந்த வீட்டு வர்ணமோ அந்த வீட்டு மாடு. அப்படியிருக்க, ஒரு மாட்டுப் பொங்கலன்று விடியற்காலைப் பனியில் என் தாய்மாமா, பெரியப்பாவின் மாட்டைப் பிடித்து எங்கள் வீட்டு நீலத்தைப் பூசிவிட்டார்.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வரப்பிலிருந்த புளியமரத்தால் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எங்கள் மாடும் அவர் மாடும் ஒரு வயிற்றுப் பிறப்பு, இரண்டும் வெள்ளை. மேய்ச்சலில் அவை மட்டும் பழையபடி உறவாடிக்கொண்டிருந்தன.

“இன்னாய்யா இது? இன்னிக்கு நீலத்தப் பூசிட்டு, நாளைக்கு மாடே எங்களுதுன்னு ஓட்டிக்கினு போவீங்களா?” என்று பெரியப்பா எங்கள் வாசலில் வந்து கத்தினார். அவர் மகள், எனக்கு அக்கா, பின்னால் நின்று தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் நீலம் போகாவிட்டால் ஊரைக் கூட்டப்போவதாகச் சொன்னார் பெரியப்பா.

எனாமல் பெயிண்ட் தண்ணீருக்கு அசையுமா? மாமா மட்டும் அசராமல், “பனியில மாடு மாறிப்போச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை அவருக்கு.

“அசிட்டோனுங்க மாமா. ஷூவுல பசை வழிஞ்சா இதத்தான் தொட்டுத் தொடைப்போம். தோலுக்கு அடிக்கிற பளபளப்பையும் இதுல கரைப்பாங்க. பிளாஸ்டிக் சீப்புல பட்டா சீப்பே கூழாய்டும். இந்த நீலம் எம்மாத்திரம்?” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, பாட்டிலை என்னிடம் நீட்டினார். “அடுப்பாண்ட போவாத, குப்புனு புடிச்சிக்கும். மூடியத் தொறந்து வெக்காத பாப்பா.”

வலது கொம்பில் மாமா துணியை வைத்துத் தேய்க்கத் தேய்க்க நீலம் விட்டது. அதற்குள் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பனிக்கட்டி போல ஜில்லென்றது. பார்த்தால், காணோம்! இன்னொரு சொட்டு விட்டேன். அதையும் காணோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் தீர்த்தத்துக்கு நிற்பதுபோல் கையை நீட்டி நின்றார்கள். நானும் பூசாரிபோல் வஞ்சனையில்லாமல் ஊற்றினேன்.

இடது கொம்புக்கு மாமா கையை நீட்டியபோது பாட்டிலில் வாசனைதான் மிச்சம்.

“எங்க போச்சு? குடிச்சிட்டியா?” என்று பெரியப்பா பதறிப்போய் என் வாயை முகர்ந்து பார்த்தார். தொலைந்தேன் என்று நின்றேன். மாமா பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து, சாவு வீட்டு முகத்தோடு, “ஒரு கொம்பு வுட்டுப்போச்சுங்க. இன்னொன்னுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை எடுத்தார்றேன்” என்றார். பெரியப்பா உறுமிக்கொண்டே சம்மதித்தார். மாமாவோ என்னை ஓரமாக அழைத்துப்போய் ஒரு முழு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் திணித்தார். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமா ஆலங்காயத்தில் பஸ் மாறி வந்தார். பாட்டில் முன்னதைவிடச் சின்னது. ஒரு விரற்கடை நீலம்தான் போயிற்று. மாட்டின் கயிற்றை அக்கா பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறும் ஒரு விரற்கடை. ஒரு வாரம் பாட்டிலையே மறந்துவிட்டு வந்தார். “வந்துட்டான்யா கொம்புக்காரன்! அவனுக்கும் ரெண்டு உருண்டை களி போடு” என்று பெரியப்பாவே சொல்லும்படி ஆயிற்று. கொம்பு நுனியில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும்போதே, வைகாசியில் மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம். பந்தலுக்குப் புளியமரத்துக் கிளையைப் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்தே வெட்டினார்கள்.

எங்கள் மாட்டுக்கு இடது கொம்பு பாதிதான், கன்றாக இருந்தபோதே உடைந்தது. பனி என்ன, கண்ணைக் கட்டிவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் அன்றைக்கே அது உறைத்திருக்க வேண்டும். எனக்குத்தான் உறைக்கவில்லை. நான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.