வேலுப்பிள்ளை கட்டடத்தின் மொட்டைமாடி

பழவங்காடியில் வேலுப்பிள்ளை கட்டடத்தை அண்ணாந்து பார்க்காமல் கடந்துபோகிறவனுக்குக் கழுத்தில் ஏதோ கோளாறு என்பேன். திருநெல்வேலியிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் கட்டியது. நான் சொல்லும் 2001-இல் அதற்கு எழுபது வயது. ஒரு முழத்துக்கு மேல் கனமுள்ள சுண்ணாம்புச் சுவர். இரண்டு பேர் கைகோத்தால்தான் அணைக்க முடிகிற தேக்குத் தூண்கள். அம்மாடி, என்ன தூண்கள்! சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தாலும் உடம்பு சிலிர்க்கும். கரமனையிலிருந்து பஸ் பிடித்து வந்து என் குடைக்கடை ஷட்டரைத் தூக்குமுன் தினமும் ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்வேன்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் இந்தச் சேஷன்தான் என்ற நினைப்பு எனக்கு. கடைக்காரர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு, கேட்க வேண்டுமா!

லீலாபாய் அங்கே பெருக்கித் துடைக்கிறவள். பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். கணவன் செத்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. இருபது வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்த முதல் நாள் தூண்களைப் பார்த்து, "கர்த்தாவே, இத மனுசரா கெட்டுனாவ?" என்று வாய் பிளந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. நான் பேச விட்டால்தானே? படி ஈரமாக இருந்தால் வழுக்குகிறது என்று கத்துவேன், காய்ந்திருந்தால் துடைக்கவில்லை என்று கத்துவேன். "உங்க நாக்குல சனி ஒக்காந்துண்டிருக்கான்" என்று வீட்டில் என் மனைவி சாவித்ரியே சொல்வாள்.

அந்த ஜூன் மாதம் மழை விடாமல் கொட்டியது. மகள் ஷீஜாவின் பிரசவத்துக்காக லீலாபாய் பன்னிரண்டு நாள் லீவில் போயிருந்தாள். பத்தாம் நாள் என் கடைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். விரலை வைத்தால் உள்ளே போனது.

கட்டட உரிமையாளர் விபின் என்ற பொறியாளரை அனுப்பினார். "சுவரு வெள்ளம் குடிச்சு வீங்கியிருக்கு சாரே. காரணம் தெரியலன்னா இடிக்கணும்னுதான் எழுதுவேன்" என்றார் அவர். பதினான்கு கடைகள்! அத்தனை பேருக்கும் செயலாளர் நான்தானே பதில் சொல்ல வேண்டும்! மொட்டைமாடிச் சாவி லீலாபாயிடம் இருந்ததால், அவள் வந்ததும் மாடியையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார் விபின்.

சனிக்கிழமை வந்தவள் விரிசலைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். நானும், அன்று மறுபடி வந்திருந்த விபினும் பின்னால் போனோம். மாடி முழுக்க முழங்கால் தண்ணீர். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய பெயிண்ட் வாளியால் கோரிக் கோரிப் பின்சந்தில் ஊற்ற ஆரம்பித்தாள்.

"இது என்ன அம்மச்சி?" என்றார் விபின்.

"மழ பெஞ்சா நான்தான் கோருவேன் சாரே. ஆறு வருசமாட்டு."

"தண்ணி போக தூம்பு இல்லையா?"

"இருந்துச்சு. அடைஞ்சு கெடக்கு."

அடைந்தா கிடக்கிறது! முகப்பில் நான் தொங்கவிட்ட குடைகள்மேல் தூம்புத் தண்ணீர் கொட்டுகிறதென்று, ஆள் பிடித்து சிமெண்ட் வைத்து அடைத்த மகானுபாவன் நான்தான். குடை விற்கிறவன் மழைக்குப் பயந்தேன்! அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"அன்னைக்கே சொன்னேனே சாரே. 'ஒன் சோலியப் பாரு'ன்னு சொன்னிய. பின்னே இதயும் எனக்க சோலியாட்டு எடுத்துக்கிட்டேன்."

இடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், ஆறு வருஷம். பன்னிரண்டு நாள் அவள் இல்லை, சுவர் பிளந்துவிட்டது. இத்தனை நாளும் நான் அண்ணாந்து பார்த்த அந்த மகா கட்டடத்தை நிறுத்தியது குச்சி மாதிரியான அந்த இரண்டு கைகள். கும்பிடத் தோன்றியது; வெட்கம் கையைத் தூக்க விடவில்லை.

"தூம்பத் திறந்து சுவரக் காயவிட்டா போதும், இடிக்க வேண்டாம்" என்றார் விபின். "ஆரு அடைச்சது?"

"தெரியாது சாரே" என்றாள் லீலாபாய், சட்டென்று.

"நான்தான் அடைச்சேன்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கடப்பாரை கீழ படிக்கு அடியில கெடக்கு. போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஓடினேன்.